மாவு இல்லாமல் மிளகாய் பஜ்ஜி ருசி: சர்க்கரை உள்ளவருக்கும் அதே தட்டு!

வெளியே தூறல். அடுப்பில் எண்ணெய் காய்கிறது. மிளகாயை மாவில் முக்கிப் போட்டதும் எழும் வாசனை ஹால் வரைக்கும் போகிறது. பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்கிறார்கள். அப்பாவுக்கு மட்டும் தனித் தட்டு. அதில் இரண்டு பிஸ்கட், பக்கத்தில் சர்க்கரை போடாத டீ.

"உங்களுக்குத்தான் சுகர் இருக்கே, பஜ்ஜியெல்லாம் வேணாம்ப்பா" என்கிறாள் மகள். அக்கறையோடுதான் சொல்கிறாள். அவரும் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் சமையலறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இரண்டு பஜ்ஜி காணாமல் போகும். மறுநாள் ரத்தச் சர்க்கரை அளவு கூடியிருந்தால் வீட்டில் விசாரணை நடக்கும். "நான் ஒண்ணும் சாப்பிடலையே" என்று அவரும் சாதிப்பார்.

தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகளில் நடக்கிற கதைதான் இது. இதில் வேடிக்கை என்னவென்றால், பஜ்ஜிக்குப் பதிலாகப் 'பத்திரமானது' என்று கொடுக்கப்பட்ட அந்த பிஸ்கட்டும் மைதாவும் சர்க்கரையும் சேர்ந்ததுதான். பஜ்ஜியும் கிடைக்கவில்லை, பத்தியமும் நடக்கவில்லை.

அப்படியென்றால் அந்த மாலை நேரத்துக் கார ருசியை அவருக்கும் கொடுக்க வழியே இல்லையா? இருக்கிறது. பஜ்ஜி மிளகாயை மாவில் முக்காமல், அதன் வயிற்றில் பன்னீரும் வேர்க்கடலையும் மசாலாவும் அடைத்து, தோசைக்கல்லில் சுட்டு எடுக்கும் 'ஸ்டஃப்டு மிளகாய்'தான் அந்த வழி. வீட்டில் எல்லோரும் அதையே சாப்பிடலாம் என்பது இதில் கூடுதல் வசதி.

எத்தனை பேருக்கு இந்தத் தனித் தட்டு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. இன்னும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில், அதாவது எல்லைக்கோட்டில் இருக்கிறார்கள்.

அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025-ல் வெளியான கட்டுரை, தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தது. இந்தியர்கள் பெறும் மொத்த கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து, அதாவது கார்போஹைட்ரேட்டிலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி, அரைத்த மாவு வகைகள், சர்க்கரை ஆகியவை.

காலையில் இட்லி, மதியம் சாதம், இரவு தோசை என்று மூன்று வேளையும் மாவுச்சத்து நிறைந்திருக்கும் வீட்டில், நடுவில் வரும் மாலைச் சிற்றுண்டியும் பிஸ்கட், போண்டா, சமோசா என்றே அமைந்துவிடுகிறது. மூன்று வேளைச் சாப்பாட்டையும் ஒரே நாளில் மாற்றச் சொன்னால் யாருக்கும் கஷ்டம்தான். மாலைத் தட்டை மாற்றுவது அவ்வளவு கஷ்டமில்லை.

பஜ்ஜியில் மாவுச்சத்து எங்கே இருக்கிறது?

வீட்டில் எட்டு மிளகாய் பஜ்ஜி போட, சுமார் 100 கிராம் கடலை மாவும் மொறுமொறுப்புக்கு 25 கிராம் அரிசி மாவும் கரைப்பதாக வைத்துக்கொள்வோம். கடலை மாவில் 100 கிராமுக்குச் சுமார் 58 கிராம் மாவுச்சத்து. அரிசி மாவில் 100 கிராமுக்குச் சுமார் 80 கிராம். கூட்டிப் பார்த்தால் எட்டு பஜ்ஜியின் மேல் மாவில் மட்டும் 78 கிராம். ஒரு பஜ்ஜிக்குச் சுமார் 10 கிராம். பேச்சு சுவாரசியத்தில் நாலு பஜ்ஜி உள்ளே போனால் 40 கிராம்.

மிளகாயின் கணக்கு வேறு. பச்சைக் குடைமிளகாயில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 5 கிராம்கூட இல்லை. அதிலும் ஒரு பகுதி நார்ச்சத்து. பஜ்ஜி மிளகாயும் அதே குடும்பம்தான்.

ஆக, மிளகாய் பஜ்ஜியில் சர்க்கரையை ஏற்றும் பகுதி மேலே இருக்கும் மாவுதான். வாழைக்காய், உருளைக்கிழங்கு பஜ்ஜியில் உள்ளே இருப்பதும் மாவுச்சத்து மிகுந்த காய்தான். அதனால் மாவைக் கழற்றிவிட்டுச் செய்ய மிளகாயே தோது.

கடலை மாவைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. புரதமும் நார்ச்சத்தும் உள்ள மாவு அது. மைதாவைவிட நல்லது. ஆனால் அரிசி மாவோடு சேர்ந்து, எண்ணெயில் பொரிந்து, சாப்பாட்டுக்கு மேல் சாப்பாடாக வரும்போதுதான் பிரச்னை.

காரம் விதையில் இல்லை

மிளகு, திப்பிலி, இஞ்சி ஆகியவைதான் இந்த மண்ணின் பழைய காரங்கள். மிளகாயின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் வழியாக இந்தியக் கரைக்கு வந்தது. மிளகு போல உறைக்கும் காய் என்பதால் 'மிளகாய்' ஆனது.

விதையை எடுத்துவிட்டால் காரம் போய்விடும் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் காரம் தரும் 'கேப்சைசின்' உருவாகும் இடம், விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்புப் பகுதி. விதை அதன் மேல் உரசிக்கொண்டிருப்பதால் அதுவும் காரமாகத் தெரிகிறது. எனவே காரம் குறைய வேண்டுமென்றால் அந்த வெள்ளை நரம்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். விதையை மட்டும் தட்டிவிட்டால் போதாது.

கேப்சைசின் நாக்கில் பட்டதும் உடம்பு அதைச் சூடாகவே உணர்கிறது. வெந்நீர் பட்டால் விழித்துக்கொள்ளும் அதே நரம்பு முனைகளைத்தான் மிளகாயும் தூண்டுகிறது. இந்த உணர்வு எப்படி உண்டாகிறது என்பதை, மிளகாயின் கேப்சைசினை வைத்தே கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காரம் தலைக்கேறினால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பால், தயிர், மோர் கைகொடுக்கும். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. பன்னீரில் உள்ள புரதம் பெரும்பாலும் கேசின்தான். அதனால்தான் மிளகாய்க்குள் பன்னீர் வைப்பது ருசிக்கும் பொருந்துகிறது, காரத்தையும் அடக்குகிறது.

ஊர் ஊராக அடைத்த மிளகாய்

மிளகாய்க்குள் எதையாவது வைத்துச் சமைப்பது புதிய யோசனை இல்லை. மிளகாயின் தாயகமான மெக்சிகோவில் பெரிய மிளகாய்க்குள் சீஸ் அல்லது கொத்துக்கறி வைத்து, முட்டைக் கலவையில் முக்கிப் பொரிக்கும் 'சிலே ரெயேனோ' பிரபலம். அமெரிக்காவில் ஹாலப்பீன்யோ மிளகாய்க்குள் கிரீம் சீஸ் வைத்து விருந்தில் முதலில் பரிமாறுகிறார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் ரொட்டித் தூள் பூசாமல் அதையே சுட்டுச் சாப்பிடுகிறார்கள்.

ராஜஸ்தானின் ஜோத்பூரில் மிளகாய்க்குள் உருளைக்கிழங்கு வைத்த 'மிர்ச்சி வடா' கடைக்குக் கடை கிடைக்கும். ஆந்திராவில் மிளகாயைக் கீறி, உள்ளே புளியும் ஓமமும் தடவி பஜ்ஜி போடுவார்கள். அந்தப் புளிப்பும் ஓம வாசனையும் மிளகாயின் காரத்தோடு அவ்வளவு பொருந்தும்.

இங்கே சொல்லும் முறையில் ஆந்திராவின் புளியும் ஓமமும் இருக்கிறது. எண்ணெய்க் கத்தரிக்காயில் வரும் எள்ளும் வேர்க்கடலையும் தேங்காயும் இருக்கின்றன. உருளைக்கிழங்கும் மேல் மாவும் மட்டும் இல்லை.

தேவையான பொருட்கள் (8 எண்ணம்)

பஜ்ஜி மிளகாய் – 8 (சுமார் 250 கிராம்)
பன்னீர் – 150 கிராம்
வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை – 30 கிராம் (ஒரு சின்ன கைப்பிடி)
எள் – 1 டேபிள்ஸ்பூன்
தேங்காய்த் துருவல் – 2 டேபிள்ஸ்பூன்
சின்ன வெங்காயம் – 5
பூண்டு – 4 பல்
இஞ்சி – சிறு துண்டு
புளி – சுண்டைக்காய் அளவு
ஓமம் – கால் டீஸ்பூன்
மிளகாய்த்தூள் – அரை டீஸ்பூன்
மல்லித்தூள் – 1 டீஸ்பூன்
சீரகத்தூள், மிளகுத்தூள் – தலா அரை டீஸ்பூன்
மஞ்சள்தூள், பெருங்காயத்தூள் – தலா 2 சிட்டிகை
கறிவேப்பிலை, கொத்தமல்லி – சிறிது
நல்லெண்ணெய் – 3 டேபிள்ஸ்பூன்
உப்பு – தேவைக்கு
எலுமிச்சை – அரை மூடி

மிளகாய் வாங்கும்போது...

நீளமாக, நேராக, சதைப்பற்றோடு இருக்கும் மிளகாயாகப் பார்த்து எடுங்கள். வளைந்து சுருண்டதில் கீறவும் வராது, அடைக்கவும் வராது. காம்பு பச்சையாக இருந்தால் புதுசு. அழுத்தினால் விறைப்பாக இருக்க வேண்டும். எட்டும் ஏறக்குறைய ஒரே பருமனாக இருந்தால் ஒரே நேரத்தில் வேகும்.

பஜ்ஜி மிளகாயிலும் சில சமயம் ஒரு கட்டு சாதுவாகவும் இன்னொரு கட்டு உறைப்பாகவும் அமைந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒன்றின் நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள். நுனியே உறைத்தால், மசாலாவில் மிளகாய்த்தூளை விட்டுவிடலாம்.

செய்முறை

1. மிளகாயைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். காம்பை எடுக்க வேண்டாம். சாப்பிடும்போது பிடித்துக்கொள்ள அதுதான் கைப்பிடி. காம்புக்குக் கீழே தொடங்கி, நுனிக்கு ஓர் அங்குலம் முன்பு வரை ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் கீறுங்கள்.

2. கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு, சின்ன ஸ்பூனின் காம்பால் வெள்ளை நரம்பையும் விதையையும் சுரண்டி எடுங்கள். உள்ளே லேசாக உப்புத் தடவி, கீறல் கீழே இருக்கும்படி ஒரு தட்டில் 10 நிமிடம் கவிழ்த்து வையுங்கள். உப்பு கொஞ்சம் தண்ணீரை இழுத்து வெளியேற்றும். பிறகு உள்ளே ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

3. எள்ளை வெறும் வாணலியில் வெடிக்கும் வரை வறுத்து ஆறவையுங்கள். வேர்க்கடலையோடு சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றிக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும்.

4. புளியை இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். வாணலியில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு ஓமம், பெருங்காயம், பொடியாக நறுக்கிய இஞ்சி, பூண்டு, வெங்காயம், கறிவேப்பிலை சேர்த்து வதக்குங்கள். வெங்காயம் நிறம் மாறியதும் தூள்களைப் போட்டு, உடனே புளிக்கரைசலை ஊற்றுங்கள். தண்ணீர் முழுக்க வற்றி எண்ணெய் பிரியும் வரை கிளறி இறக்குங்கள்.

5. மசாலா ஆறியதும் துருவிய பன்னீர், வேர்க்கடலை எள் பொடி, தேங்காய், கொத்தமல்லி, உப்பு சேர்த்துப் பிசையுங்கள். உள்ளங்கையில் வைத்துப் பிடித்தால் கொழுக்கட்டை போலப் பிடிபட வேண்டும். மிளகாயின் உள்ளே ஏற்கெனவே உப்புத் தடவியிருப்பது நினைவிருக்கட்டும்.

6. ஒவ்வொரு மிளகாயிலும் நுனி வரை அழுத்தி அடைத்து, வாயை விரலால் வழித்துவிடுங்கள். கீறல் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கக் கூடாது. திறந்தால் திணிப்பு அதிகம் என்று அர்த்தம்.

7. இரும்பு தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து, மீதி எண்ணெயை விட்டு, கீறல் மேலே இருக்கும்படி மிளகாய்களை அடுக்குங்கள். மூடி போட்டு 4 நிமிடம். மூடியை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி 5 நிமிடம். கடைசியாக, கீறல் பக்கம் கல்லில் படும்படி ஒரு நிமிடம். வெளியே தெரியும் பன்னீர் பொன்னிறமாகிக் கெட்டிப்படும். அதன் பிறகு கொட்டாது.

8. மிளகாய்த் தோலில் அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, அழுத்தினால் மெத்தென்று இருந்தால் தயார். எலுமிச்சை பிழிந்து சூடாகப் பரிமாறுங்கள்.

ஏர் ஃப்ரையர் இருந்தால் மிளகாயின் மேல் எண்ணெய் தடவி 180 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் போதும். ஓவனில் 200 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் ஆகும்.

கணக்கு என்ன சொல்கிறது?

எட்டு மிளகாய், பன்னீர், வேர்க்கடலை, எள், தேங்காய், வெங்காயம், புளி என்று எல்லாவற்றையும் கூட்டினாலும் மொத்த மாவுச்சத்து சுமார் 30 கிராம்தான். ஒரு மிளகாய்க்கு 4 கிராமுக்குள். ஒரு பஜ்ஜியின் மேல் மாவில் 10 கிராம் இருந்ததை நினைத்துப் பாருங்கள். இந்த 4 கிராமிலும் கொஞ்சம் நார்ச்சத்து.

கூடவே பன்னீரிலிருந்தும் வேர்க்கடலையிலிருந்தும் புரதம் கிடைக்கிறது. மூன்று மிளகாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த உணர்வு வரும். இரவுச் சாப்பாட்டிலும் கை கொஞ்சம் குறையும்.

ஆனால் மாவுச்சத்து குறைவு என்பதற்காகக் கலோரி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பன்னீர், வேர்க்கடலை, தேங்காய், எண்ணெய் எல்லாமே கொழுப்புள்ளவை. ஒருவருக்கு மூன்று போதும்.

எங்கே சொதப்பும்?

*தண்ணீர் விட்டுவிட்டது:* பெரும்பாலும் பன்னீர்தான் காரணம். கடைப் பன்னீரைத் தண்ணீரில் ஊறவைத்திருந்தால், துணியில் சுற்றி மேலே கனம் வைத்து அரை மணி நேரம் விடுங்கள். வீட்டில் செய்வதென்றால் ஒரு லிட்டர் பாலில் 150 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும். அதற்கும் இதே அரை மணி நேரம்.

*பூரணம் உதிர்கிறது:* வேர்க்கடலை எள் பொடியை இன்னும் ஒரு ஸ்பூன் சேருங்கள். கடலை மாவோ பொட்டுக்கடலை மாவோ சேர்க்கக் கை நீளும். சேர்த்தால் கழற்றிய மாவு மறுபடி உள்ளே வந்த கதைதான்.

*மிளகாய் கருகியது, உள்ளே பச்சை வாசனை:* தீ அதிகம். மூடி போட்டு வேகும் முதல் 4 நிமிடத்தைத் தவற விடாதீர்கள்.

*கை எரிகிறது:* தண்ணீரில் கழுவினால் போகாது. கொஞ்சம் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொட வேண்டாம்.

இதே மசாலா, வேறு காய்

மிளகாயே வேண்டாம் என்பவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதே பூரணத்தை வேறு காய்களில் வைக்கலாம்.

*குடைமிளகாய்:* சின்னதாக எடுத்து இரண்டாகப் பிளந்து, கிண்ணம் போல அடைத்துச் சுடலாம். துளியும் காரம் இல்லாத மிளகாய் இது. மசாலாவின் காரம் மட்டும்தான் தெரியும்.

*பட்டன் காளான்:* தண்டைத் திருகி எடுத்துவிட்டு, குழிப்பக்கம் கீழே இருக்கும்படி கல்லில் 4 நிமிடம் வையுங்கள். காளான் விடும் தண்ணீர் வற்றிய பிறகு திருப்பி, குழியில் பூரணம் வையுங்கள். பணியாரச் சட்டி இருந்தால் இன்னும் வசதி. ஒவ்வொரு குழியிலும் ஒரு காளான் கச்சிதமாக உட்காரும்.

*மிதி பாகற்காய்:* கீறி, விதை எடுத்து, உப்புத் தடவி அரை மணி நேரம் வைத்துப் பிழியுங்கள். இட்லிப் பானையில் 5 நிமிடம் ஆவி காட்டிப் பிறகு அடைத்து வறுக்கலாம். இதற்குப் புளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வெல்லம் வேண்டாம்.

*சின்னக் கத்தரிக்காய்:* காம்போடு நான்காகக் கீறி, பன்னீரைக் குறைத்து எள்ளையும் வேர்க்கடலையையும் கூட்டி அடைத்தால், எண்ணெய்க் கத்தரிக்காயின் உலர்ந்த வடிவம் தயார்.

அசைவம் சாப்பிடுபவர்கள் பன்னீருக்குப் பதில் நன்றாக வேகவைத்துத் தண்ணீர் வற்றிய கொத்துக்கறியை வைக்கலாம். பேலியோ கடைப்பிடிப்பவர்கள் வேர்க்கடலையைத் தவிர்ப்பார்கள். அவர்களுக்குப் பாதாம் பொடி. பூரணம் மிஞ்சினால் மறுநாள் முட்டை ஆம்லெட்டுக்குள் வைத்துவிடலாம்.

தொட்டுக்கொள்ள என்ன?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடைகளில் வாங்கும் தக்காளி சாஸில் சர்க்கரை சேர்ந்திருக்கும். ஸ்வீட் சில்லி சாஸில் பெயரிலேயே இருக்கிறது. மாவைக் கழற்றிவிட்டு, சர்க்கரையில் தோய்த்துச் சாப்பிட்டால் என்ன பயன்?

கெட்டித் தயிரில் புதினா, கொத்தமல்லி, ஒரு பல் பூண்டு, உப்பு சேர்த்து அரைத்த சட்னி பொருத்தமாக இருக்கும். காரத்தையும் தயிர் அடக்கிவிடும். தேங்காய்ச் சட்னி வைப்பதென்றால் பொட்டுக்கடலையைக் குறைத்து அரையுங்கள். பக்கத்தில் வரும் டீயிலும் சர்க்கரை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை எடுப்பவர்கள் கவனத்துக்கு

மாலைத் தட்டை மட்டும் மாற்றுவதில் பெரிதாக ஆபத்து இல்லை. ஆனால் இது நன்றாக இருக்கிறதே என்று மூன்று வேளையும் சாதம், டிபனை ஒரேயடியாக நிறுத்துபவர்கள் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் அப்படிச் செய்யவே கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்ப எழுதப்பட்டது. சாப்பாட்டில் மாவுச்சத்து குறைந்து மருந்து அப்படியே இருந்தால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். அந்த நேரத்தில் பன்னீரோ வேர்க்கடலையோ உதவாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தவறியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும் அபாயம் உண்டு. இவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உணவு முறையை மாற்ற வேண்டாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் பன்னீர், கடலை எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்செரிச்சல், அல்சர் உள்ளவர்களுக்குக் குடைமிளகாயோ காளானோ மேல். விருந்தினருக்குக் கொடுக்கும்போது வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விருந்துக்கும் இதுவே

பிறந்தநாள், நிச்சயதார்த்தம் என்று வீட்டில் நாலு பேர் கூடும் நாளில், சாப்பாட்டுக்கு முன் ஏதாவது கொறிக்கக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தத் தட்டுகளில் சமோசா, கட்லெட், ஸ்பிரிங் ரோல் என்று பெரும்பாலும் மைதாவும் உருளைக்கிழங்கும்தான். சர்க்கரை உள்ள பெரியப்பாவும் அத்தையும் "எனக்கு வேண்டாம்மா, நீங்க சாப்பிடுங்க" என்று ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த மிளகாயைக் காலையிலேயே அடைத்து, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். மாலையில் பரிமாறுவதற்கு 20 நிமிடம் முன்பு வெளியே எடுத்துச் சுட்டால் போதும். எண்ணெய்ச் சட்டி முன்னால் ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டிய வேலையும் இல்லை. இரண்டு வரிசையாக அடுக்கி, பாதி மிளகாய், பாதி காளான் என்று வைத்தால் குழந்தைகளும் எடுத்துக்கொள்வார்கள்.

தட்டை நீட்டும்போது "இது சுகர்காரங்களுக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் மற்றவர்கள் தொட மாட்டார்கள். சாப்பிடுபவருக்கும் அது மருந்து போல ஆகிவிடும். எல்லோருக்கும் ஒரே தட்டு, ஒரே பண்டம்.

அடுத்த முறை தூறல் போடும்போது எட்டு மிளகாய் வாங்கி முயன்று பாருங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அப்பாவையே மீட்டரில் ஒரு துளி ரத்தம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை எடுப்பவர் என்றால் அந்த எண்ணைக் குறித்துவைத்து அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒளித்துச் சாப்பிட்ட பஜ்ஜிக்கும், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்ட மிளகாய்க்கும் என்ன வித்தியாசம் என்பதை அவரே தெரிந்துகொள்வார்.